வேலை இடத்து விபத்து: ஒவ்வொரு நாட்டுக் கணக்கையும் எப்படி படிக்கிறது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

சேலம், மேட்டூர், சங்ககிரி, ஆத்தூர் பக்கம் பேக்டரிகளுக்கு சேப்டி கிளாஸ் எடுக்கப் போறப்ப டீ பிரேக்ல கண்டிப்பா யாராச்சும் ஒருத்தர் போனை நீட்டி "இந்த நாட்டுல இத்தனை பேர் செத்தாங்களாம், நம்மள்ல இவ்ளோதானாம், உண்மையாங்க?"ன்னு கேப்பாங்க. ஒரே சந்தேகம்தான், ஆள் மட்டும் மாறும். அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். மேல இருந்து வரிசையா படிங்க, ஒரு தடவ சொன்னத திரும்ப சொல்லல.

ஏனுங்க, விபத்துன்னா விபத்துதானே. கை போனா கை போச்சு. இதுல நாட்டுக்கு நாடு என்ன வித்தியாசம்?

கை போனா எந்த நாட்டுலயும் எழுதித்தான் ஆகணும், சிக்கல் அதுல இல்ல. எத்தனை நாள் வேலைக்கு வரலைன்னா அது கணக்குல வரும், ரோட்டுல நடந்தது சேருமா, அடிபட்டு மூணு மாசம் கழிச்சு ஆஸ்பத்திரியில செத்தா சேருமா, பத்து பேர் வேலை செய்ற பட்டறை சேருமா, இதுக்கெல்லாம் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் வச்சிருக்கு. லீ பஜார்ல ஒருத்தர் மூட்டைக் கணக்கு சொல்றாரு, இன்னொருத்தர் கிலோக் கணக்கு சொல்றாரு, ரெண்டையும் அப்படியே பக்கத்துல வச்சு யார்கிட்ட சரக்கு அதிகம்னு சொல்ல முடியுமா? அதே கதைதான்.

முதல்ல நம்ம ஊர் ரூல சொல்லுங்க. எவ்ளோ அடிபட்டா ரிப்போர்ட் பண்ணணும்?

1948 பேக்டரி சட்டம் 88வது பிரிவுப்படி, சாவுன்னா கண்டிப்பா, இல்லேன்னா அடிபட்டவர் அதுல இருந்து 48 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை செய்ய முடியாமப் போனா, மேனேஜர் நோட்டீஸ் கொடுக்கணும்னு இருந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போகும், மாநிலங்கள் கொடுக்கிறத டெல்லி சார்புல டி.ஜி.ஃபாஸ்லிங்கிற அமைப்பு தொகுக்குது. 2025 நவம்பர் 21ல பழைய சட்டங்களுக்குப் பதிலா புது லேபர் கோடுகள்ங்கற தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துச்சு, அதுலயும் 48 மணி நேரம் அப்படியேதான் இருக்கு.

இதுல ஒரு வேடிக்கை. சேலத்துல இருந்து ஏற்காடு அடிவாரம் போற வழியில வெள்ளைக்கல் மலை இருக்கில்ல, மேக்னசைட் வெட்டுவாங்க, அது சுரங்கம். 1952 சுரங்கச் சட்டத்துல சின்ன காயத்துக்கு 72 மணி நேரம்னு வச்சிருந்தாங்க, ரிப்போர்ட் போற ஆபீசும் வேற. ஒரே ஊரு, பக்கத்துப் பக்கத்து காம்பவுண்டு, அதே கால் முறிவு, ரெண்டு சட்டம். ஈ.எஸ்.ஐ.க்கு தனியா ஒரு ரிப்போர்ட், தனியா ஒரு ஆக்சிடென்ட் புக். நாட்டுக்குள்ளயே இப்படின்னா வெளிநாட்டோட ஒப்பிடறது எப்படி இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க.

மூணு நாள், நாலு நாள், ஏழு நாள்னு ஆளாளுக்கு சொல்றாங்க. எது எந்த நாடு?

ஐரோப்பிய யூனியன்ல யூரோஸ்டாட்ங்கற புள்ளிவிவர அமைப்போட கணக்குக்கு மூணு நாளுக்கு மேல வேலைக்கு வரலைன்னாதான் சேரும், அதாவது குறைஞ்சது நாலு நாள். ஜப்பான்லயும் முக்கியமா வெளியிடற நம்பர் நாலு நாளும் அதுக்கு மேலயும். ஆஸ்திரேலியா 'சீரியஸ் கிளெய்ம்'னு போடறது ஒரு வாரமும் அதுக்கு மேலயும். பிரிட்டன்ல ரிட்டோர்னு ஒரு விதி, அதுல ஏழு நாளுக்கு மேல, 15 நாளுக்குள்ள சொல்லணும், எலும்பு முறிவு மாதிரி லிஸ்ட்ல இருக்கற பெரிய காயம்னா நாள் கணக்கு பாக்காம சொல்லணும். சிங்கப்பூர் இதுல கறார், 2020 செப்டம்பர்ல இருந்து டாக்டர் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தாலே, ஏன் லேசான வேலை கொடுங்கன்னு எழுதினாலே கூட, ரிப்போர்ட் பண்ணணும்.

அமெரிக்காவுல நாள் கணக்கே பிரதானம் இல்ல. முதலுதவிக்கு மேல எந்த ட்ரீட்மென்ட் கொடுத்தாலும் கம்பெனி ரிஜிஸ்டர்ல எழுதணும். கையில ரெண்டு தையல் போட்டுட்டு அடுத்த ஷிப்டே வேலைக்கு வந்துட்டாருன்னா நம்ம ஊர்லயும் பிரிட்டன்லயும் அது கவர்மென்ட் கணக்குக்கு வராது, அமெரிக்காவுல வரும்.

இன்னொண்ணையும் சேத்துக்கங்க. பிரிட்டன்ல 2012 ஏப்ரல் வரைக்கும் மூணு நாள்னு இருந்துச்சு, அப்புறம்தான் ஏழாக்குனாங்க. அதனால பழைய கிராப் பாத்து "2012க்கு அப்புறம் விபத்து சடார்னு குறைஞ்சிருச்சு, என்ன செஞ்சாங்க?"ன்னு கேக்காதீங்க. ரூல மாத்துனாங்க, அவ்ளோதான்.

வாட்ஸ்அப்ல வந்துச்சு: பிரிட்டன்ல வருஷத்துக்கு 61 ஆயிரம் பேருக்கு அடிபடுதாம், நம்ம பேக்டரிங்கள்ல சில ஆயிரம்தானாம். அப்ப நம்ம பரவால்லயா?

இந்த ஒரு கேள்விக்காகவே இத்தன எழுதறேன்னு வச்சுக்கங்க. நம்பர் பொய் இல்ல. 2023-24ல பிரிட்டன் முதலாளிங்க ரிப்போர்ட் பண்ண காயம் 61,663, அந்த வருஷம் வேலையில செத்தவங்க 138. அதாவது ஒரு சாவுக்கு ஏறக்குறைய 450 காயம். அமெரிக்காவுல 2023ல தனியார் கம்பெனிகள்ல 26 லட்சம் காயமும் நோயும், மொத்த சாவு 5,283, இதுலயும் ஒண்ணுக்கு 490 கிட்ட வருது. யூரோஸ்டாட் 2022 கணக்கு 29.7 லட்சம் காயம், 3,286 சாவு, ஒண்ணுக்கு 900.

இப்ப நம்ம கணக்குக்கு வாங்க. 2017ல இருந்து 2020 வரைக்கும் டி.ஜி.ஃபாஸ்லி கணக்குப்படி பதிவு செஞ்ச பேக்டரிங்கள்ல சராசரியா ஒரு நாளைக்கு 3 பேர் சாவு, 11 பேருக்கு காயம். ஒரு சாவுக்கு நாலு காயம் கூட இல்ல! உலகத்துல எந்த பிரஸ் மிஷினும் நாலு பேர் விரல நசுக்குனதும் அஞ்சாவது ஆள கொல்றதில்ல. அதுவும் நம்ம சட்டம் 48 மணி நேரம்னு சொல்லுது, பிரிட்டன் ஏழு நாளுக்கு மேலன்னு சொல்லுது, அப்ப நியாயமா பாத்தா நம்ம கிட்ட தான் காய எண்ணிக்கை அதிகமா இருக்கணும். குறைவா இருக்குன்னா காயம் படல்லன்னு அர்த்தமில்ல, காயம் பேப்பருக்குப் போகலன்னு அர்த்தம். சாவ மறைக்க முடியாது, போலீஸ் வரும், போஸ்ட்மார்ட்டம் நடக்கும், ஊர் கூடும். விரல் போனத ரெண்டு தெரு தள்ளி இருக்கற தனியார் ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு, கையில கொஞ்சம் காசு கொடுத்து முடிச்சுரலாம்.

என் கணக்குல காய எண்ணிக்கைங்கறது அந்த நாடு எவ்ளோ ஒழுங்கா எழுதுதுன்னு காட்டற நம்பர். எவ்ளோ பத்திரமா இருக்குன்னு அத வச்சு சொல்ல முடியாது.

ஐரோப்பாவுல எல்லாம் ஒழுங்கா எழுதிருவாங்கதானே?

அங்கயும் அப்படி இல்லீங்க. ருமேனியாவும் பல்கேரியாவும் லட்சம் தொழிலாளருக்கு நூறு காயத்துக்கும் கம்மியா காட்டுது, பிரான்சும் டென்மார்க்கும் 2,000க்கு மேல காட்டுது. ஆனா சாவு விகிதத்துல ருமேனியாவும் பல்கேரியாவும் பட்டியலோட மேல் பக்கத்துல நிக்குது. மேல சொன்ன அதே சங்கதிதான்.

காரணம் பெரும்பாலும் பணம். பிரான்ஸ், ஜெர்மனியில எல்லாம் வேலை விபத்துக்குன்னு தனி இன்சூரன்ஸ் இருக்கு, ரிப்போர்ட் போனாதான் தொழிலாளிக்கு அந்தப் பலன் வரும், அதனால அடிபட்டவரே விடமாட்டாரு, "எழுதுனீங்களா"ன்னு கேட்டு நிப்பாரு. நெதர்லாந்துல அப்படி தனி இன்சூரன்ஸ் கிடையாது, வீட்டுல விழுந்தாலும் வேலையில விழுந்தாலும் லீவு சம்பளம் ஒண்ணுதான், அதனால அங்க ரிப்போர்ட் குறையுது, பணக்கார நாடா இருந்தும். நம்ம ஊர்ல ரிப்போர்ட் பண்ணா முதலாளிக்கு முதல்ல வர்றது இன்ஸ்பெக்டர். எவன் ஆசையா பண்ணுவான்?

சரி, முதலாளி மறைச்சா வெளிநாட்டு கவர்மென்டுக்கு மட்டும் எப்படித் தெரியுது?

முதலாளிய மட்டும் நம்பறதில்ல, அதுதான் சூட்சுமம். பிரிட்டன்ல தொழிலாளர் சர்வேன்னு வீடு வீடா ஆளுங்ககிட்டயே கேக்கறாங்க. 2023-24ல அப்படி கேட்டப்ப 6,04,000 பேர் எனக்கு வேலையில அடிபட்டுச்சுன்னு சொன்னாங்க. இதுல சின்ன காயமும் சேந்திருக்கு, அதனால 61,663ஓட நேரா ஒப்பிடக்கூடாது, ஆனா ரிப்போர்ட் பண்ண வேண்டியதுல ஏறக்குறைய பாதிதான் முதலாளிங்க பண்றாங்கன்னு அந்த நாட்டு பாதுகாப்பு அமைப்பு எச்.எஸ்.ஈ.யே எழுதுது. தன் கணக்குல ஓட்டை இருக்குன்னு தானே அச்சடிச்சு வெளியிடறாங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

அமெரிக்காவுல 1992ல இருந்து சாவுக்கு மட்டும் தனிக் கணக்கெடுப்பு. இறப்புச் சான்றிதழ், இழப்பீட்டு பைல், போலீஸ் ரிப்போர்ட், பேப்பர் செய்தின்னு பல பக்கம் இருந்து சேத்து ஒண்ணோட ஒண்ணு சரிபாக்கறாங்க. இதுபோக ஓஷாங்கற அந்த நாட்டு பாதுகாப்பு அமைப்புக்கு முதலாளி சாவுன்னா 8 மணி நேரத்துக்குள்ள, ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாலோ உறுப்பு துண்டானாலோ கண்ணு போனாலோ 24 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். வருஷக் கணக்க பிப்ரவரி 1ல இருந்து ஏப்ரல் 30 வரைக்கும் தொழிலாளிங்க கண்ணுல படற மாதிரி சுவத்துல ஒட்டணும். ஆனா பத்து பேரும் அதுக்குக் கீழயும் இருக்கற கம்பெனிக்கு இந்த ரிஜிஸ்டர்ல இருந்து விலக்கு, அங்கயும் சின்ன பட்டறை தப்பிச்சுருது.

அப்ப சாவு எண்ணிக்கைய மட்டும் ஒப்பிட்டா போதும்ல?

காயத்த விட அது எவ்ளோவோ மேல். ஆனாலும் ரெண்டு மூணு பொறி இருக்கு. ஐரோப்பாவுல விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள்ள செத்தா அது வேலை விபத்துச் சாவு, சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஐ.எல்.ஓ. 1998ல போட்ட வழிகாட்டுதலும் ஒரு வருஷம்தான். சீனாவோட 2007 விதியில 30 நாளுக்குள்ள எண்ணிக்கை மாறினா திருத்திச் சொல்லணும், தீ விபத்துக்கும் ரோடு விபத்துக்கும் 7 நாள்தான். தீக்காயம் பட்டவங்க பத்து நாள், இருபது நாள் கழிச்சு போறது எவ்ளோ சாதாரணம்னு பாய்லர்கிட்ட வேலை பாக்கறவங்களுக்குத் தெரியும்.

எங்க ஊர் சங்ககிரி, வீட்டுக்கு ஒரு லாரி டிரைவர். லோடு ஏத்திட்டு போறப்ப ஆக்சிடென்ட்ல செத்தா அது வேலை விபத்தா இல்ல ரோடு விபத்தா?

அமெரிக்காவுல வேலை விபத்து. அங்க வேலைச் சாவுல மூணுல ஒரு பங்குக்கு மேல போக்குவரத்துதான். பிரிட்டன்ல பொது ரோட்டுல நடந்த பெரும்பாலான விபத்து எச்.எஸ்.ஈ. கணக்குல வராது, அது போலீஸ் பக்கம் போயிரும். நம்ம நாட்டுலயும் அது ரோடு விபத்துப் புள்ளிவிவரத்துல ஒரு எண்ணா போயிரும், பேக்டரி கணக்குக்கு வராது. ஆனா குடும்பத்துக்கு இழப்பீடு கேக்கற உரிமை இருக்கு, முன்னாடி 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல இருந்துச்சு, இப்ப புது லேபர் கோட்ல இருக்கு, டிரைவர், கிளீனர் ரெண்டு பேருக்குமே. கணக்குல வராததும் காசு வராததும் ஒண்ணு இல்ல, இத தயவுசெஞ்சு ஊர்ல சொல்லுங்க.

இதோட விளைவு பெருசு. அமெரிக்கா 2023ல லட்சம் பேருக்கு 3.5, பிரிட்டன் 2023-24ல 0.42. எட்டு மடங்கு! ஆனா அமெரிக்கா கணக்குல வேலை இடத்துல நடக்கற கொலை, தற்கொலையும் சேரும். போக்குவரத்தையும் அதையும் கழிச்சா ஏறக்குறைய பாதி போயிரும். அப்பவும் பிரிட்டன விட அதிகம்தான், ஆனா எட்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு கிட்ட.

வேலைக்கு கம்பெனி வேன்ல போறப்ப அடிபட்டா?

ஜெர்மனி, பிரான்ஸ்ல போற வழி விபத்துக்கும் இன்சூரன்ஸ் உண்டு, ஆனா எண்ணிக்கைய தனியா வைக்கறாங்க, யூரோஸ்டாட்ல சேக்கறதில்ல. ஜெர்மனிக்காரங்க வெளியிடற ரிப்போர்ட்டப் படிக்கறப்ப ரெண்டையும் கூட்டிராதீங்க. நம்ம ஈ.எஸ்.ஐ.யும் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவுல நடந்தத வேலை விபத்தா ஏத்துக்கும், வேலையோட தொடர்பு இருக்குன்னு காட்டணும்.

ஷிப்டுல நெஞ்சுவலி வந்து செத்துட்டாரு. அது எந்தக் கணக்கு?

பிரான்ஸ்ல வேலை நேரத்துல வேலை இடத்துல நடந்தா, வேற காரணம்னு நிரூபிக்கற வரைக்கும் வேலை விபத்துன்னுதான் எடுத்துக்குவாங்க. அவங்க சாவு எண்ணிக்கை ஐரோப்பாவுல உசரமா தெரியறதுக்கு இது ஒரு முக்கிய காரணம். மத்த பல நாட்டுல இயற்கை மரணம்னு ஒதுக்கிருவாங்க. பிரான்சப் பாத்து 'இவ்ளோ மோசமா'ன்னு சொல்றதுக்கு முன்னாடி இத ஞாபகம் வச்சுக்கங்க.

நாங்க ஏற்காடு. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்துல ஏணி போட்டு ஏறி விழுந்தா யாரு எழுதுவா?

எஸ்டேட் பேக்டரி இல்ல, அதனால பேக்டரி கணக்குல வராது. புது கோடு வர்றதுக்கு முன்னாடி 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பி, டீ, ரப்பர், ஏலக்காய் தோட்டத்துக்கு வந்துச்சு, ஆனா 5 ஹெக்டேரும் 15 ஆளும் இருக்கணும்னு வச்சிருந்தாங்க. சேர்வராயன் மலையில பெரிய எஸ்டேட்டுக்கு அது பொருந்துச்சு, நாலு ஏக்கர் வச்சு சீசனுக்கு ஆள் கூப்பிடற தோட்டத்துக்கு பொருந்தல. காட்டெருமை முட்டினா வனத்துறை பைல்ல போகும், குளவி கொட்டினா எங்கயும் போகாது, வளைவுல பிக்அப் கவுந்தா போலீஸ். ஒரே எஸ்டேட்டோட ஆபத்து நாலு பீரோவுல பிரிஞ்சு கிடக்கும்.

ஐரோப்பாவுலயும் விவசாயத்துல ரிப்போர்ட் கம்மின்னு பேச்சு உண்டு, சொந்தத் தோட்டத்துல வேலை செய்றவங்க எல்லா நாட்டுலயும் இன்சூரன்ஸ்ல இல்ல. பிரிட்டன் கணக்குல சொந்தத் தொழில் செய்றவங்க சாவும் சேரும், அதுலதான் விவசாயம் எவ்ளோ ஆபத்தான தொழில்னு அங்க பளிச்சுன்னு தெரியுது.

கொலுசுப் பட்டறை, வீட்டுத் தறி?

பழைய சட்டத்துல கரண்ட் இருந்தா 10 ஆள், இல்லாட்டி 20 ஆள் இருந்தாதான் பேக்டரி. புது கோட்ல அது 20, 40னு ஆயிருக்கு. சிவதாபுரம் பக்கம் ஆறு பேர் உக்காந்து ஊதற பட்டறையில யாருக்கு கை வெந்தாலும் எந்தப் புள்ளிவிவரத்துலயும் வராது. வரம்பு ஏறினதால இனி வர்ற வருஷங்கள்ல பேக்டரி விபத்து குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா, 2012 பிரிட்டன் கிராப் கதைய நினைச்சுக்கங்க.

காண்ட்ராக்ட் ஆளுக்கு அடிபட்டா அது காண்ட்ராக்டர் கணக்குதானே சார்?

இல்ல. பழைய பேக்டரி சட்டத்துலயே காண்ட்ராக்டர் மூலமா வந்தவரும் தொழிலாளிதான், நோட்டீஸ் கொடுக்க வேண்டியது பேக்டரி மேனேஜர்.

வெளிநாட்டு கஸ்டமர் டி.ஆர்.ஐ.ஆர். கேக்கறாங்க. எங்க சேப்டி ரிஜிஸ்டர்ல இருக்கற நம்பர அப்படியே கொடுக்கலாமா?

கொடுக்காதீங்க. டி.ஆர்.ஐ.ஆர்.ங்கறது ரிஜிஸ்டர்ல எழுத வேண்டிய மொத்த கேஸோட விகிதம், அமெரிக்க முறை. அவங்க ஃபார்முலா: கேஸ் எண்ணிக்கைய 2,00,000ஆல பெருக்கி மொத்த வேலை மணி நேரத்தால வகுக்கணும். 2,00,000ங்கறது 100 பேர், வாரம் 40 மணி, 50 வாரம். நம்ம ஊர்ல பழக்கம் 10 லட்சம் மணி நேரத்துக்கு. உதாரணத்துக்கு வருஷத்துல 1,50,000 மணி வேலை, 3 கேஸ்னா அவங்க கணக்குல 4, நம்ம கணக்குல 20. பூஜ்யத்த மாத்திப் போட்டு ஆர்டர் போன கதை கூட நடக்கும்.

அத விடப் பெரிய விஷயம் அந்த '3 கேஸ்'. உங்க ரிஜிஸ்டர்ல இருக்கறது 48 மணி நேரம் வராதவங்க. அவங்க கேக்கறது தையல் போட்ட கேஸ் வரைக்கும். முதலுதவி ரிஜிஸ்டரையும் ஆஸ்பத்திரி பில்லையும் எடுத்து வச்சுட்டு உக்காந்து எண்ணுங்க.

வேலையால வர்ற நோய்? தூசி, நுரையீரல்?

மேல சொன்ன எண்கள்ல பெரும்பாலும் இது கிடையாது. ஐ.எல்.ஓ. 2023ல சொன்ன மதிப்பீடு: வேலை சம்பந்தமா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 29.3 லட்சம் பேர் சாகறாங்க, அதுல 26 லட்சம் நோயால, விபத்தால 3.3 லட்சம்தான். கனடா கணக்குல மட்டும் ஏமாந்துராதீங்க, அங்க இழப்பீட்டு போர்டு ஏத்துக்கிட்ட சாவுகள எண்ணறாங்க, அதுல பாதிக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி பழைய நோய். முப்பது வருஷம் முன்னாடி மூச்சுல போன தூசி இந்த வருஷக் கணக்குல நிக்கும்.

என் தம்பி கத்தார்ல இருக்கான். அங்க 6,500 பேர் செத்தாங்கன்னாங்க, அப்புறம் மூணு பேர்தான்னாங்க. எது நெசம்?

ரெண்டும் வேற வேற கேள்விக்கு பதில். 6,500ங்கறது கார்டியன் பத்திரிகை 2021ல போட்டது, 2010ல இருந்து இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கைக்காரங்க எந்தக் காரணத்தால செத்திருந்தாலும் சேத்தது. மூணுங்கறது உலகக்கோப்பை ஸ்டேடிய வேலையில மட்டும், வேலை சம்பந்தம்னு அமைப்பாளர்களே ஒத்துக்கிட்டது, 37 பேர வேலை சம்பந்தமில்லன்னு தனியா வச்சாங்க. நடுவுல ஐ.எல்.ஓ. ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளப் பாத்து 2020 ஒரு வருஷத்துக்கு 50 சாவு, 500க்கு மேல கடுமையான காயம், 37,600 லேசான, நடுத்தரக் காயம்னு சொல்லுச்சு. அந்த 50ஐயும் முழுசுன்னு சொல்லல, வெயில்ல வேலை செஞ்ச இளவயசு ஆள் 'இயற்கை மரணம்'னு எழுதப்பட்டிருந்தா அதுல வராது. காரணத்த விசாரிக்கணும்னு அந்த ரிப்போர்ட்லயே இருக்கு.

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு இந்தியாவ மத்த நாட்டோட ஒப்பிடணும் அண்ணா. எப்படி பண்றது?

சாவு விகிதம் மட்டும் எடு. ஒரே தொழில எடு, மொத்த நாட்ட எடுக்காத, ஏன்னா விவசாயமும் கட்டிட வேலையும் அதிகமா இருக்கற நாட்டுல சாவு அதிகமாத்தான் தெரியும். ரோடு சேந்திருக்கா, சொந்தத் தொழில்காரங்க சேந்திருக்காங்களான்னு டேபிள்ல ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு காலம் (column) போடு. பக்கத்துலயே ஒரு சாவுக்கு எத்தனை காயம்னு ஒரு காலம் போடு, அது நூறுக்குக் கீழ போச்சுன்னா அந்த நாட்டு காய எண்ணிக்கைய ப்ராஜெக்ட்ல இருந்தே தூக்கிரு. நூறுங்கறது நானா வச்சிருக்கற எல்லை, புத்தகத்துல தேடாத.

எங்க கேட்டுல 'விபத்தில்லா 1000 நாள்'னு போர்டு இருக்குங்க. விரல் ஒடிஞ்ச பையன் ஸ்டோர்ல உக்காந்து அட்டெண்டன்ஸ் போடறான். இது சரியா?

இதத்தான் நிறைய இடத்துல பண்றாங்க. வேலைக்கு வந்துட்டான், அதனால 48 மணி நேரம் ஆகல, அதனால ரிப்போர்ட் இல்லன்னு ஒரு சாமர்த்தியம். அமெரிக்காவுல இது நடக்காது, வழக்கமான வேலைய செய்ய முடியாம லேசான வேலைக்கு மாத்தினாலே அது ரிஜிஸ்டர்ல ஏறிரும், சிங்கப்பூர் பத்தி மேலயே சொன்னேன்.

அந்தப் பையனுக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தா முதல்ல ஆக்சிடென்ட் புக்ல தேதியோட எழுதச் சொல்லுங்க, ரிப்போர்ட் போச்சான்னு கேளுங்க. பின்னாடி விரல் மடங்கலைன்னா நிரந்தர ஊனப் பலன் கேக்கறப்ப அந்த எழுத்துதான் கேப்பாங்க, ஸ்டோர் ரூம் அட்டெண்டன்ஸ கேக்க மாட்டாங்க.